பேராசிரியர் கண்ட அறுந்த தொடர்பு

பேராசிரியர் சிவநேசன் இரக்கமுள்ளவர். இதை அவரே பல கூட்டங்களில் தெரிவித்திருக்கிறார். மனச்சிதைவு நோயாளிகளின் மூளைப் பகுதிகள் எவ்வளவு ஒத்திசைந்து இயங்குகின்றன என்று எம்.ஆர்.ஐ. படங்களால் அளப்பது அவருடைய ஆய்வு. வந்த எண்களைக் கணக்கிட்டு வண்ணப் படமாக்குவது அவருடைய ஆய்வு உதவியாளர் ஷாமினியின் வேலை. நோயாளிகளிடம் தொடர்புகள் அறுந்திருக்கின்றன, ஒப்பீட்டுக்குப் படுக்க வைத்த தம் மாணவர்களிடம் அறுந்திருக்கவில்லை என்று அவர் ஷா ஆலம் மாநாட்டில் அறிவித்தபோது, ஷாமினியும் கைதட்டினாள்.

பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் கணினியோடு இருந்துவிடுகிற அவள், குரு என்ற நோயாளியின் முறையன்றுதான் முதன்முதலாக ஸ்கேன் அறைக்குப் போனாள். குரு கிள்ளானில் அக்கா வீட்டில் வாழ்பவன். மாத்திரையால் தெளிந்து, கார் கழுவும் கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். இயந்திரம் இரைந்துகொண்டிருக்கையில் சிவநேசன் ஒலிவாங்கியைப் பிடித்து, "சரியா தம்பி? பயம் இல்லையே?" என்று கேட்டார். பேசக் கூடாதென்று சொல்லப்பட்டிருந்த குரு, பணிவாகத் தலையசைத்தான். சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்டார். மறுபடியும் அசைத்தான்.

தலை மயிரிழை அசைந்தாலே, அறுந்த தொடர்பைப் போன்ற எண்கள் வரும். துறைக்குள் நுழைந்த மாணவனும் அறிந்த செய்தி இது. சிவநேசனோ நோயாளிகள் அசையத்தான் செய்வார்கள் என்று எவ்வளவு அசைவை ஏற்கலாம் என்ற வரம்பைப் பெருந்தன்மையோடு தளர்த்தியிருந்தார். ஸ்கேனின்போது மாணவர்களை அவர் நலம் விசாரிக்கவில்லை. அவர்களுக்கு இரக்கம் தேவைப்படவில்லை. ஷாமினி அசைந்த கணங்களை நீக்கிக் கணக்கிட்டாள். குருவின் படத்துக்கும் மாணவர்களின் படங்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. அவளிடமிருந்து அதைக் கேட்ட சிவநேசன், கட்டுரை வெளிவந்த பின் பார்க்கலாம் என்று புன்னகைத்தார்.

அடுத்த வாரம் அவர் குருவையும் அக்கா இராஜம்மாவையும் அழைத்து, ஷாமினியும் உடனிருக்க, அசைவு நீக்காத பழைய படத்தையே காட்டினார். நீலம் பூசிய இடமெல்லாம் அறுந்தது என்று விளக்கினார். ஒரு தனி மனிதனைப் பற்றி அந்தப் படம் எதையும் சொல்லாது என்பதை விளக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை.

இராஜம்மா படத்தையே பார்த்தார். "அப்ப உள்ளுக்குள்ள வயர் அந்துபோச்சா டாக்டர்? நான் வேலைக்குப் போறவ. ஜெஞ்சாரோம்ல இந்த மாதிரி ஆளுங்களப் பார்த்துக்குற ஒரு ஹோம் இருக்கு, சனிக்கிழமை கொண்டுபோய் விட்டுடுறேன்."

"அக்கா, நான் நல்லாதானே இருக்கேன்?" என்றான் குரு.

சிவநேசன் அனுதாபத்தோடு கண்களைத் தாழ்த்தினார். அந்தத் தாழ்ந்த இமைகளைக் கண்டதும் ஷாமினிக்கு வேலை பறிபோகுமோ என்று இருந்த அச்சம் அகன்றது.

"ஒண்ணும் அந்துபோகல, அக்கா," என்றாள். "ஸ்கேன் ஓடும்போது டாக்டர் கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தாரு. தம்பி மரியாதைக்குத் தலையாட்டிக்கிட்டே இருந்தாரு. அந்த ஆட்டம்தான் இந்த நீலம்."

சிவநேசன் அது அறிவியல் நுட்பம் என்று தொடங்கினார். இராஜம்மா அவரை முடிக்க விடவில்லை.

"டாக்டர் கேட்டா அவன் தலையாட்டாம எப்படி இருப்பான்? அப்படித்தானே வளர்த்தோம். நீங்க கொஞ்ச நேரம் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்லா."

படத்தை மேசைமேல் வைத்துவிட்டு, அங்கேயே கைப்பேசியை எடுத்து, சனிக்கிழமை வரவில்லை என்று ஜெஞ்சாரோமுக்குச் சொன்னார். பிறகு, கடை முதலாளி திட்டுவார் என்று குருவை எழுப்பிக் கூட்டிச் சென்றார்.

கதவு சாத்தியதும் சிவநேசன், நன்றி, ஒழுக்கம், எதிர்காலம் என்னும் மூன்றையும் பற்றி ஷாமினியிடம் ஆங்கிலத்தில் நெடுநேரம் பேசினார். அவள் அசையாமல் கேட்டுவிட்டு, அவர் தளர்த்திய வரம்பு எந்த எண் என்று, கட்டுரையை வெளியிடவிருந்த ஆய்விதழுக்குத் தெரிவிக்கத் தன் மேசைக்குப் போனாள்.