பின்னாடி வரும் சத்தம்

என் நாத்தனாரைக் குடும்பத்தில் எல்லோரும் கலெக்டர் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் யாருக்கும் கிடையாது. அவருடைய கூடப்பிறந்த தம்பி, அதாவது என் கணவர், ஃபோனில் அக்காவின் பெயர் வந்தாலே உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டு எழுந்து நின்றுதான் பேசுவார். நான் அந்த அக்காவை அண்ணி என்று கூப்பிடுகிறேன். அவர் என்னை மெக்கானிக்கம்மா என்பார். குரலில் பாதி பெருமை இருக்கும், பாதி நக்கல் இருக்கும்.

நான் மெக்கானிக்தான். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் வண்டிக்கு அடியில் படுப்பது நான். ஃபோன் எடுப்பது, ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கி வருவது, டீ போடுவது எல்லாம் என் கணவர். கல்யாணமான புதிதில் இந்த ஏற்பாட்டைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் முகத்தைச் சுளித்தார்கள். அண்ணி ஒருவர்தான் மறுவாரமே தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "எண்ணெய் மாத்திக் குடும்மா" என்றார். அதற்குப் பிறகு அந்த வண்டி எனக்கு வீட்டுப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது.

அது நாலு சக்கரமும் இழுக்கிற பெரிய எஸ்யூவி. ஊருக்கு வெளியே மேட்டின் உச்சியில் அண்ணி நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறார். மழை பெய்தால் அங்கே போகிற பாதை சேறாகிவிடும், வேறு எந்த வண்டியும் ஏறாது. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர் அவர். இன்றைக்கு அந்த மேட்டுப் பாதையில் அவர் ரிவர்ஸ் எடுக்கிற அழகைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும்.

அந்த வண்டியில்தான் சத்தம் வந்தது.

"ஊஊங்னு ஒரு சத்தம் இழுக்குதும்மா," என்றார் அண்ணி. "முன்னாடி ஒண்ணும் இல்ல. பின்னாடி தான் வருது."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. வண்டியில் சத்தம் என்று வருகிறவர்களிடம் விவரம் வாங்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. சிலர் வாயால் செய்து காட்டுவார்கள். ஒருவர் என் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று சேவல் மாதிரியே கூவினார், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? திரும்பும்போது டக்டக் என்றால் ஒரு வியாதி, கியர் மாற்றும்போது டங்கென்றால் வேறு வியாதி, வேகத்தோடு சேர்ந்து ஊங்கென்று ஏறினால் பெரும்பாலும் சக்கரத்து பேரிங். அண்ணி நான் கேட்பதற்கு முன்பே சத்தத்தையும் சொல்லி, இடத்தையும் சொல்லிவிட்டார். கலெக்டர் என்றால் சும்மாவா.

வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பின் சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தேன். வலது பக்க பேரிங்கில் லேசாக ஆட்டம் இருக்கிற மாதிரி தெரிந்தது. மாற்றினேன். கடைத்தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டினேன். சத்தமே இல்லை. வேலை முடிந்தது என்று சாவியைக் கொடுத்தேன்.

நாலு நாளில் அண்ணி திரும்பி வந்தார். "அப்படியேதான் இருக்கு. பின்னாடி வருது."

பின் சக்கரங்களைச் சுழலவைக்கிற பல்சக்கரப் பெட்டியை, டிஃபரன்ஷியலை, திறந்து பார்த்தேன். எண்ணெய் சுத்தமாக இருந்தது, பல்சக்கரங்கள் பளபளவென்று இருந்தன. இருந்தாலும் எண்ணெயை மாற்றினேன். நீள ஷாஃப்டைக் கழற்றி ஒவ்வொரு மூட்டாக ஆட்டிப் பார்த்தேன். டயர்களை இடம் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் கடைத்தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன், எனக்கு எதுவும் கேட்கவில்லை. என் கணவர் ஓட்டினார், அவருக்கும் கேட்கவில்லை. ஆனால் அவர் வண்டியில் ஏறினால் பாட்டுப் போடாமல் ஓட்டமாட்டார், அந்தச் சாட்சி செல்லாது. அண்ணியின் மகன் தெருமுனை வரைக்கும் ஓட்டிவிட்டு வந்து, ஒரு சத்தமும் இல்லை என்று கையை விரித்தான்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இல்லாத சத்தம் கேட்கிறதென்றால் கோளாறு வண்டியில் இல்லை, காதில்தான் என்று அவன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். அவனுடைய ஃபோனில் எல்லாவற்றுக்கும் ஓர் ஆப் உண்டு. காதைச் சோதிக்கவும் ஒன்று இருந்தது. அம்மாவைச் சமையலறை மேஜை முன்னால் உட்கார வைத்து, பீப் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொல்லியிருக்கிறான். பக்கத்திலேயே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அண்ணி பாதிக்கு மேல் தவறவிட்டார். பையன் தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

மறுநாள் அண்ணி ஒர்க்‌ஷாப்புக்கு வந்து ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தார். "ஞாயித்துக்கிழமை வந்து வண்டியை எடுத்துட்டுப் போறானாம். காது சரியில்லாம ஓட்டக் கூடாதாம். எங்க போகணும்னாலும் அவனே கூட்டிட்டுப் போவானாம்."

"அவனா?" என்றேன். போன தடவை அஞ்சு நிமிஷத்தில் வருகிறேன் என்று சொன்னவன், விளக்கு வைத்த பிறகு வந்து சேர்ந்தான். அதுவரை அண்ணி நாற்றுத் தட்டுகளோடு வாசலிலேயே நின்றிருந்தார்.

அண்ணி டயரின் பள்ளத்தை விரலால் நோண்டினார். பிறகு தாழ்ந்த குரலில், "நிஜமாவே என் காதுதானாடி?" என்று கேட்டார்.

அவருடைய குரலை அவ்வளவு தாழ்வாக நான் அதுவரை கேட்டதில்லை. என்னால் தாங்க முடியவில்லை. அவன் மேல் கோபம் வந்தது, வண்டி மேல் வந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக என் மேலேயே வந்தது. வண்டி போனால் பண்ணை போகும். பண்ணை போனால் அண்ணி வீட்டுக்குள் உட்கார்ந்து யாரை அதிகாரம் பண்ணுவார்? எங்களைத்தான்.

"எழுந்திருங்க," என்றேன். "இன்னிக்கு நீங்க ஓட்டுங்க. நான் பின்னாடி படுத்துக்கிட்டே வர்றேன்."

பண்ணைக்குக் கொண்டுபோக வேண்டிய செடித் தொட்டிகள் வண்டியில் ஏற்கெனவே இருந்தன. பின் சீட்டை மடக்கி, தொட்டிகளுக்கு நடுவில் இடம் பண்ணி, தரையில் காதை வைத்துப் படுத்தேன். என் கணவர் ஒர்க்‌ஷாப் கேட் அருகில் நின்று ஃபோட்டோ எடுத்தார். அதை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வண்டி கிளம்பியது. கடைத்தெரு தாண்டியது.

"கேக்குதா?" என்றார் அண்ணி.

"இல்லையே."

"இப்ப எப்படிக் கேக்கும்? பின்னாடி தான வரும்."

"பின்னாடிதானே அண்ணி படுத்திருக்கேன்!"

"நீ எங்க படுத்தா என்ன, பின்னாடி தான் வரும்."

எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு தொட்டியின் இலை மூக்கில் உரசிக்கொண்டே வந்தது. "காதைப் பின் சக்கரத்து மேலயே வெச்சிருக்கேன். இதுக்கும் பின்னாடின்னா நான் இறங்கி ஓடித்தான் வரணும்!"

"அய்யோ, அந்தப் பின்னாடி இல்லடி! பின்னாடி! மேடு ஏறின பின்னாடி! வண்டி நல்லா சூடான பின்னாடி!"

நான் சட்டென்று எழுந்தேன். தலை கூரையில் இடித்தது. தொட்டி ஒன்று சாய்ந்து என் மடி நிறைய மண்ணைக் கொட்டியது.

"அப்ப முன்னாடி ஒண்ணும் இல்லன்னு சொன்னது?"

"முன்னாடி ஒண்ணும் இல்லதான். கிளம்புறப்ப நல்லாத்தான ஓடுது."

"சத்தம் வண்டியில எந்தப் பக்கம் வருது?"

"அதை நீ கேக்கவே இல்லையே," என்றார் கலெக்டர். "என் கால்மாட்டுல."

அதாவது முன்பக்கம். இத்தனை நாளும் நான் வண்டியின் பின்பாதியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். போதாததற்கு, எஞ்சின் சூடேறுவதற்குள் கடைத்தெருவைச் சுற்றிவிட்டு வந்து, சத்தமில்லை என்று சான்றிதழும் கொடுத்திருக்கிறேன். என் கணவர் பக்கத்தில் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

சீட்டுகளின் நடுவே ஊர்ந்து போய் முன்னால் உட்கார்ந்தேன். மேட்டுப் பாதை தொடங்கியது. பாதி ஏறியிருப்போம், வந்தது. முதலில் கொசு மாதிரி மெலிதாக. அப்புறம் ஊஊங் என்று நன்றாகவே. அண்ணி ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஏறியது, காலை எடுத்தால் இறங்கியது.

அண்ணி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு அண்ணி."

"என் மனசுக்காகச் சொல்லலையே?"

மூக்கால் அந்தச் சத்தத்தை அப்படியே இழுத்துக் காட்டினேன். அண்ணியும் கூடவே இழுத்தார். சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு பெண்கள் உட்கார்ந்து ஊஊங் என்று பாடுவதை ஒரு சைக்கிள்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அண்ணிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்கும்தான். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பண்ணையில் வண்டியை ஆறவிட்டு, டார்ச்சோடு அடியில் நுழைந்தேன். முன்பக்கம் கியர்பாக்ஸை ஒட்டி ஒரு சின்னப் பெட்டி இருக்கும். பின் சக்கரங்களுக்குப் போகிற இழுவையைப் பிரித்துக் கொடுப்பது அதுதான். எண்ணெய் கசியாமல் அடைக்கிற அதன் ஆயில் சீல் விட்டுப்போய், பெட்டியெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. உள்ளே இருப்பதே ஒரு டம்ளர் எண்ணெய்தான், அதிலும் பாதிக்கு மேல் காணோம். குளிர்ந்திருக்கும்போது இருப்பதை வைத்துச் சமாளித்துவிடும். மேடு ஏறிச் சூடானதும் எண்ணெய் இளகி, பல்லோடு பல் உரசி அழ ஆரம்பித்துவிடும். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஓட்டியிருந்தால் பற்கள் தேய்ந்து பெட்டியே போயிருக்கும். அண்ணியின் காதுதான் அதைக் காப்பாற்றியது.

மெதுவாக ஓட்டிக் கீழே கொண்டுவந்தோம். என் கணவர் சீல் வாங்கி வந்தார். மாற்றி, புது எண்ணெய் ஊற்றி, இந்த முறை பண்ணை வரை போய், ‘பின்னாடி’யின் இரண்டு அர்த்தத்திலும் கேட்டுப் பார்த்தேன். சத்தம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பையன் ஒர்க்‌ஷாப் வாசலில் டாக்சியில் வந்து இறங்கினான். திரும்பிப் போவதற்கு வண்டி இருக்கிறது என்ற நம்பிக்கை. நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

"சரி அத்தை, வண்டி சரியாயிடுச்சு. ஆனாலும் அம்மா வயசுக்கு இனிமே ஓட்டுறது..." என்று இழுத்துவிட்டு, அண்ணியிடம், "சாவி எங்கம்மா?" என்றான்.

"பின்னாடிடா," என்றார் அண்ணி.

அவன் வண்டியின் பின்கதவைத் திறந்தான். தொட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தித் தேடினான். மண்ணில் கையை விட்டுப் பார்த்தான். அண்ணி அவசரமே இல்லாமல் டிரைவர் சீட்டில் ஏறி, கைப்பையிலிருந்து சாவியை எடுத்து, வண்டியைக் கிளப்பினார்.

"என்னம்மா இது? பின்னாடின்னு சொன்னே?"

"அந்தப் பின்னாடி இல்லடா. எனக்கு நிஜமாவே காது கேக்காமப் போன பின்னாடி. அப்ப நானே கூப்பிட்டுத் தர்றேன். இப்ப ஏறு, பண்ணையில தொட்டி இறக்க ஆள் வேணும்."

முன் சீட்டில் என் கணவர் ஏற்கெனவே சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா சொன்னால் மறுபேச்சு உண்டா? பையன் என்னைப் பார்த்தான். நான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் தொட்டிகளுக்கு நடுவில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

வண்டி தெருமுனை திரும்பும்வரை காதைக் கொடுத்துக் கேட்டேன். அந்த ஊஊங் சத்தம் கொஞ்சமும் இல்லை. தொட்டியைச் சாய்க்காமல் பிடிக்கச் சொல்லி மகனை அதட்டுகிற அண்ணியின் சத்தம் மட்டும்தான் கேட்டது.