உளுந்து விலையை நிறுத்திவைத்தவர்

கோவில்பட்டியில் சுடலைக்குமாரின் தானியக் கமிஷன் கடையில் கணக்கு பார்த்தவள் ஜெயஷீலா. கடை முகப்பில் தொங்கிய பெரிய டிவியை ஓட வைத்தவளும் அவள்தான். வெளிச்சந்தை விலைகள் தானாக வந்து விழும்படி இணையத்தில் ஒரு ஷீட் போட்டு, அதை டிவியோடு இணைத்திருந்தாள். ஷீட்டில் விலை மாறினால் டிவியிலும் மாறும். மேலே சிவப்பில் 'நேரலை' என்று மின்னும். சுற்றுப்பட்டிச் சனங்கள் அதைப் பார்த்த பிறகுதான் மூட்டையை இறக்குவார்கள்.

தை மாதம், உளுந்து வரத்து உச்சத்தில் இருந்தது. விருதுநகரில் விலை ஏறிவிட்டதாக லாரிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். டிவியிலோ முந்தின நாள் விலையே அசையாமல் நின்றது. ஜெயஷீலா ஷீட்டைத் திறந்தாள். உளுந்துக் கட்டத்தில் சந்தை விலையை இழுத்துவர அவள் போட்டிருந்த ஃபார்முலாவைக் காணோம். அந்த இடத்தில் யாரோ முந்தின நாள் விலையை வெறும் எண்ணாக அடித்து வைத்திருந்தார்கள்.

"நான்தான் மாத்துனேன்," என்றார் சுடலைக்குமார், டீயை உறிஞ்சியபடி. "வரத்து கொறையுத வரைக்கும் அப்படியே கெடக்கட்டும்."

"அப்போ நேரலைங்கிறத எடுத்திருங்க, அண்ணாச்சி."

"அத எடுத்துட்டா எவன் நம்புவான்?"

அந்த நேரம் பசுவந்தனை ஊர் விவசாயி ஆறுமுகத்தாயின் மூட்டைகள் எடைக்கு வந்தன. "வெல ஏறலையே தாயி," என்றாள் ஆறுமுகத்தாய். "சரி, நீ போட்ட டிவி பொய்யா சொல்லும்?"

ஜெயஷீலா ஃபார்முலாவைத் திரும்பப் போட்டாள். டிவியில் உளுந்து விலை எகிறியது.

ஆறுமுகத்தாய் மூட்டை மேல் கையை ஊன்றினாள். "அண்ணாச்சி, அந்த வெலைக்குப் போடுங்க. இல்லைன்னா வண்டியில திருப்பி ஏத்துதேன்."

கூட்டம் கூடிவிட்டது. சுடலைக்குமார் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

"காலையில பழைய வெலைக்குப் போட்டுட்டுப் போனவியளுக்கு?" என்று கேட்டாள் ஜெயஷீலா.

"அவிய சந்தோசமா வாங்கிட்டுப் போயிட்டாவ. ஒன் சோலியப் பாரு."

"பொய்யக் காட்டி வாங்கிட்டு சந்தோசமாங்கீங்க? மழை எப்ப வரும்னு வானத்தப் பாத்து வெளைய வச்சது அண்ணாச்சி அது! நான் செஞ்சத வச்சே அவிய கழுத்த அறுக்கீங்களே!"

"வெளிய போடி!"

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வீட்டுக்குப் போகவில்லை. ஆறுமுகத்தாயோடு பசுவந்தனை பஸ் ஏறினாள். காலையில் விற்றுப் போன அந்த ஊர்க்காரர்களின் வீடுகளுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். "ஒன் டிவியப் பாத்துத்தான இறக்குனோம்?" என்று சிலர் அவளையே ஏசினார்கள்.

"அதான் நானே வந்திருக்கேன்," என்றாள்.

மறுநாள் அவளோடு அவர்கள் எல்லோரும் கடை வாசலில் நின்றார்கள்.

"மிசின் கோளாறுப்பா," என்றார் சுடலைக்குமார்.

"மிசினுக்கு ஒண்ணும் இல்ல," என்று ஜெயஷீலா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "இவிய கைதான் கோளாறு."

வந்தவர்களுக்கு விலை வித்தியாசத்தை மத்தியானத்துக்குள் சுடலைக்குமார் கொடுத்து அனுப்பினார். புதூர்ப் பக்கத்திலிருந்து வந்து விற்றுப் போன சிலரை மட்டும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. வேலைக்கு வரச் சொல்லி அவர் இரண்டு தடவை ஆள் விட்டார். அவள் போகவில்லை.