நாலாம் எண் வீடு

மூன்று வருஷமாகத் தாயைப் பார்க்காத மகளுக்கு, தாய் செத்த சேதி வாட்சாப்பில் வந்தது. அதையும் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை வைத்திருக்கும் சிநேகிதிதான் அனுப்பினாள். பவுனம்மாள், வயது எழுபத்திரண்டு, பகல் இரண்டு மணிக்குத் தகனத்துக்கு எடுக்கிறார்கள். எண் 4, ஜாலான் கெலாடி 7, தாமான் ஸ்ரீ கெலாடி. ஊர் பேரைக் காணோம். அந்தத் தாமான் குடியிருப்புக்காரர்களைத் தவிர யார் வரப்போகிறார்கள் என்ற நினைப்பு, எழுதின மகராசனுக்கு.

மலர்விழிக்கு அம்மா எந்த ஊரில் இருக்கிறாள் என்பதே தெரியாது. அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்று தம்பி விமலனோடு வந்த சண்டையில் பேச்சு அறுந்தது. அவன் அம்மாவோடு வீடு மாறிப் போனான். எங்கே என்று இவள் கேட்கவில்லை. வீம்பு, வேறென்ன! கேட்டிருந்தால் குடியா முழுகிப் போயிருக்கும்?

சேதியின் அடியில் ஒரு போன் நம்பர் இருந்தது. விமலனுடையது. அதை அமுக்க விரல் வரவில்லை. முகவரியை மேப்பில் தட்டினாள். ஒரே ஒரு இடம்தான் காட்டியது. அவள் இருக்கும் சாலாக் செலாத்தானிலிருந்து முக்கால் மணி நேரம். முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டால் போதும் என்று காரை எடுத்தாள்.

மேப் கொண்டுபோய் நிறுத்தியது ரவாங்கில். எண் 4, சரிதான். ஆனால் வாசலில் கூடாரம் இல்லை, நாற்காலி இல்லை, ஒரு மலாய்க்காரர் கார் கழுவிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து சாவு வீடு கேட்டு வந்த மூன்றாவது ஆள் நீங்கள் என்றார். மணி ஒன்று. வீம்பைத் தூக்கிக் கடாசிவிட்டு அந்த நம்பரை அடித்தாள்.

எடுத்தது விமலன் இல்லை. அவன் சடங்கில் உட்கார்ந்திருந்தான். எடுத்தவர் கோயில் செயலாளர் யுகேந்திரன், சேதி எழுதின அதே மகராசன்.

"ஐயோ, இது கிள்ளான் லா அக்கா. கேட்ல 3A-ன்னு போட்டிருக்கும். இந்த தாமான்ல நாலாம் நம்பரே கிடையாது, சீனவங்களுக்கு அது சாவு நம்பர்னு டெவலப்பர் வைக்கல. நாலாவது வீடுதானேன்னு நான்தான் நாலுன்னு எழுதிட்டேன்."

கிள்ளானில் நாலாம் எண் இல்லாததால், அதே பேரில் ரவாங்கில் இருக்கும் தாமானைத் தேடிக் கொடுத்திருக்கிறது மேப். அதைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? கேட்டதைக் கொடுத்தது.

"நான் மக பேசறேன்," என்றாள் மலர்விழி. "வந்துட்டிருக்கேன். முகத்த மூடிடாதீங்க."

தம்பியிடம் சொல்கிறேன் என்றார். இவள் 3A என்று மாற்றித் தட்டிக்கொண்டு பறந்தாள். சுபாங் ஜெயாவில் ஒரு லோரி கவிழ்ந்து ரோடு அடைத்துக் கிடந்தது. மேப் ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் நேரத்தைக் கூட்டியது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அம்மா, அம்மா என்று வாய்விட்டு அழுதாள். முன்னால் நின்ற கார் அசையவே இல்லை.

இந்தத் தடவை பிசகில்லாமல் வாசலிலேயே கொண்டுவந்து விட்டது. மணி இரண்டு நாற்பது. கூடாரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டு முன் ஐந்தடி நடை முழுக்க ஈரம். பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ரப்பர் குழாயால் வீட்டைக் கழுவி விட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்பதான் எடுத்தாங்கம்மா. மக வருதுன்னு அரை மணி நேரம் பெட்டிய மூடவே விடல அந்தத் தம்பி. பெரியவங்க சத்தம் போட்டப்புறம்தான் மூடினாங்க. சுடுகாடு பக்கத்துலதான், இந்நேரம் அடுப்புக்குள்ள தள்ளியிருப்பாங்க."

மலர்விழி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க யாரு, சொந்தமா?"

"தெரிஞ்சவங்க."

"அப்ப உள்ள வராதீங்க, இன்னும் விளக்கேத்தல," என்ற அந்த அம்மா, குழாயை அவள் பக்கம் நீட்டினாள். "காலக் கழுவிட்டுக் கெளம்புங்க."

செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள் மலர்விழி.