டிரில் மெஷினுக்குச் சுருதி சேர்த்தவள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை, என் நாத்தனாருடையது. பல் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறாள். துணி மடித்துக்கொண்டே சொன்னாள்; பாதியில் சிரிப்பு தாங்காமல் மடித்த துணிமேலேயே விழுந்தாள். "எழுதறதா இருந்தா எழுதிக்கோ அண்ணி. ஆனா என்னை ஒல்லியாப் போடு."

ஆகவே, ஒல்லியான என் நாத்தனார்.

2

முதல் வரி: "இசையின் கூறுகளில் தலையாயவை சுருதியும் தாளமும்..." (அடித்துவிட்டேன். பல்வலிக்காரரிடம் போய்ப் பாடமா நடத்துவது?)

இன்னொன்று: "அவர் சிங்கம்போல உள்ளே வந்..." (சிங்கம் ஓடாது. இவர் ஓடினார். இரண்டு தடவை.)

3

லாரி ஓட்டுநர். கதவளவு ஆள். கடைவாய்ப் பல்லில் சீழ். முன்பு இரண்டு முறையும் டிரில் மெஷின் 'கீ' என்றதுமே, கழுத்தில் கட்டிய துண்டோடு தெருவில் இறங்கி ஓட்டமெடுத்தவர். இந்த முறை அவர் மனைவி வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"இன்னிக்கும் விட்டா தாடை எலும்புக்குப் பரவிடும். அப்புறம் ஆபரேஷன்தான்" என்றார் டாக்டரம்மா.

"நான் விட்டாத்தானே!" என்றாள் மனைவி.

நாத்தனாருக்கு வேறு கவலை. கை வேலை செய்தால் அவள் வாய் எதையாவது முணுமுணுக்கும். "இது கிளினிக்கா, கச்சேரியா? இன்னொரு தடவை கேட்டேன், வேற வேலை பாத்துக்கோ" என்று டாக்டரம்மா முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். அதனால் உதட்டை இறுக மூடிக்கொண்டு, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தாள்.

மரத்துப்போக ஊசி போட்டாயிற்று. வலிக்கவே வலிக்காது. பயமெல்லாம் அந்தச் சத்தத்துக்குத்தான். (வலியில்லாத இடத்தில் வலியை உண்டாக்க ஒரு சத்தத்தால் முடியுமென்றால், அதே சத்தத்தால் வேறு என்னதான் முடியாது? எழுதிவிட்டு நானே கைதட்டிக்கொண்டேன்.)

4

"கீ..."

ஓட்டுநரின் கால்கள் விறைத்தன. ஒரு கை கதவை நோக்கி நீண்டது. நாத்தனாரின் காதில் மட்டும் அது வேறாக விழுந்தது. அசையாத ஒரே சுரம்! அவளைக் கேட்காமலே அவள் வாய், அதே சுரத்தை நாலு மாடி கீழே இறக்கிப் பிடித்தது: "ம்ம்ம்..."

பல்லைத் தொட்டதும் மெஷினின் குரல் சறுக்கியது, அவளும் சறுக்கினாள். எழும்பியது, எழும்பினாள். இப்போது அது கீச்சல் இல்லை. அவள் பாட்டுக்குப் பின்னால் வரும் தம்புரா.

டாக்டரம்மா சீறினார். (இல்லை. "நடந்ததை எழுது அண்ணி!")

நடந்தது இது. டாக்டரம்மா ஓட்டுநரின் கையைப் பார்த்தார். கதவுக்கு நீண்ட கை, வயிற்றின்மேல் வந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தது. மெஷினை இயக்குவது டாக்டரம்மாவின் காலடியில் இருக்கும் பெடல். அந்தக் கால் மெல்ல அந்தத் தாளத்தில் விழுந்தது. கீ... கீகீ... கீ! இடைவெளியில் குழாய் 'கொர்ர்' என்றது. மனைவி விரித்த கைகளை மறந்து கதவில் தட்டினாள். திறந்த வாயோடு ஓட்டுநரும் "ஆ... ஆ" என்று சேர்ந்துகொண்டார். சுருதியா? அது இருக்கும் திசைப் பக்கமே அவர் போகவில்லை.

வேலை முடிந்தது. டாக்டரம்மா காலை எடுத்தார். அறை கப்சிப். ஓட்டுநர் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர்.

"என்னங்க, வலிக்குதா?"

"இல்லதி..." மரத்த உதடு ஒத்துழைக்கவில்லை. "நிதுத்தித்தாங்களே!"

டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டார். "அடுத்த ஆளுக்கும் தொண்டை தாங்குமா, இல்ல தண்ணி குடிச்சிட்டு வர்றியா?"

5

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் ஒரு வாரம் கழித்து, பல்லை அடைக்க ஓட்டுநர் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாராம்.

"தங்கச்சி, அன்னிக்குப் பாடினீங்களே, அது என்ன பாட்டு? லாரியில போட்டுக்கலாம்னு தேடாத இடமில்ல."

பாடியும் காட்டினார். எல்லாச் சுரமும் தப்பு. மெஷின் பல்லைத் தொட்டுச் சறுக்கிய அந்த ஒரு இறக்கம் மட்டும் அச்சு அசல்.

அது பாட்டே இல்லை. அதற்குப் பெயர் ஏது? என்னிடம் மூன்று பதில்கள் இருக்கின்றன. (ஒன்று அழவைக்கும். கிழித்துவிட்டேன்.) 'நீ என்ன சொன்னே?' என்று நாத்தனாரைக் கேட்டால், "அதை நான் சொல்லமாட்டேன். படிக்கிறவங்க சொல்லட்டும்" என்கிறாள்.

ஓட்டுநர் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவசரமில்லை, வாயைத் திறந்தபடியே காத்திருப்பார். என்ன பாட்டு அது?