வஞ்சிரத்தின் இடது கை

ஜெயஸ்ரீ கைப்பேசியில் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். டோல்கேட் பேனர் கடைக்காரர் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டுவிட்டார். நாலு மணிக்கு உடலைத் தூக்க வேண்டும். அதற்குள் அஞ்சலி பேனருக்குத் தம்பியின் முகம் ஒன்று வேண்டும். இருந்தால்தானே? முகம் ஊதத் தொடங்கிய நாளிலிருந்து பாஸ்கர் யாரையும் படமெடுக்க விடவில்லை. பழைய படங்களையும் ஒன்றுவிடாமல் அழித்துவிட்டான். மிச்சம் ஆதார் அட்டைதான். அதில் யார் மனிதராகத் தெரிந்திருக்கிறார்கள், பாஸ்கர் தெரிய?

"நீ போய் அம்மாகூட குந்துக்கா. நா பாத்துக்கறேன்," என்றான் சுஃபியான். புளியந்தோப்பிலிருந்து பைக்கில் ஓடிவந்திருந்த பாஸ்கரின் தோஸ்து. எந்தப் படம் என்று கேட்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

ஆறு வருடம். வாரத்தில் மூன்று நாள் திருவொற்றியூர் குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோ, டயாலிசிஸ், நாலு மணி நேரம் வெளியே பெஞ்சு. ஊசி போடுவதற்காக பாஸ்கரின் இடது முன்கையில் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அது வலைக்கயிறு மாதிரி புடைத்து நிற்கும். அந்தக் கையில் கனம் தூக்கக் கூடாது, பிடித்து இழுக்கக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது. நர்ஸிடமும் கண்டக்டரிடமும் "இடது கைய தொடாதீங்க" என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு நாக்கு தேய்ந்துவிட்டது. தினமும் எழுந்ததும் அதைத் தொட்டுப் பார்ப்பாள். உள்ளே ரத்தம் ஓடுவது உர்ரென்று அதிரும். இன்று காலை அதிரவில்லை.

இரண்டு மணிக்கு பேனர் வந்து வாசலில் ஏறியது. அதில் பாஸ்கர் இல்லை. நீல முகமூடி, வெள்ளிச் செதில் சட்டை, முதுகில் பறக்கும் துணி, ஓங்கிய இடது கை. கீழே பெரிய எழுத்தில், 'பாஸ்கர் என்கிற வஞ்சிரம்.'

"இன்னாம்மே இது, சாவு வூட்டுல பொம்ம போஸ்டரு?" தாய்மாமன் பொன்ராஜ் கத்தினார். "போறவன் வர்றவன்லாம் சிரிச்சிகினு போறான். கயட்டு அத்த!"

ஜெயஸ்ரீக்கு உடம்பு கூசியது. உயிரோடு இருந்தபோதுதான் தெரு அவன் முகத்தை வேடிக்கை பார்த்தது, செத்த பிறகுமா?

"அது அவன் ஆடுற கேமுக்கா," என்றான் சுஃபியான். "ஜப்பான்காரன் படக்கதையில வர்ற ஹீரோங்கள வச்சி செஞ்ச சண்ட கேமு. நம்மளும் சொந்தமா ஒரு ஹீரோ செஞ்சிக்கலாம். வஞ்சிரத்த செய்ய ரெண்டு நாள் எடுத்துகினான். அவன் மூஞ்சின்னு என் கையில கீறது இதான்."

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த விளையாட்டின் சத்தம்தான். குறைத்து வை என்று சமையலறையிலிருந்தே கத்தியிருக்கிறாள். ஒருநாள்கூட வந்து திரையைப் பார்த்ததில்லை.

நாற்காலி போட்டு ஏறி பேனர் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். கண்ணெதிரே வஞ்சிரத்தின் முன்கை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கயிறாகப் புடைத்திருந்தது.

"அவனே பாத்து பாத்து வச்சான்," கீழேயிருந்து சுஃபியான் சொன்னான். "எவ்ளோ அடி வாங்கினாலும் அந்தக் கைய தொட உடமாட்டான்க்கா. பின்னாலயே வச்சிகினு இருப்பான். கடசி குத்து மட்டும் அதால."

அவிழ்த்த முடிச்சை அவள் திரும்ப இறுக்கிக் கட்டினாள்.

"இன்னாம்மே பண்ற?"

"அவன்தான் மாமா அது. உடு."

மூன்றரைக்குக் குளிப்பாட்டத் தூக்கினார்கள். பொன்ராஜ் மாமா குனிந்து பாஸ்கரின் இடது கையைப் பற்றி இழுத்தார்.

"அந்தக் கைய புடிக்காத மாமா!"

ஒப்பாரிகூட நின்றுவிட்டது. ஜெயஸ்ரீ சட்டென்று தன் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா அவளைப் பார்த்தார். அந்தக் கையை மெதுவாக எடுத்து பாஸ்கரின் நெஞ்சின்மேல் வைத்தார். பிறகு முதுகுக்குக் கீழே இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கினார்.