நனையாத தேவசகாயம்

2023ஆம் வருஷம் சாம்பல் புதனன்று, செஞ்சியில் தட்டு தயாரிக்கும் தேவசகாயத்தின் நெற்றியில் சாம்பல் ஒட்டவில்லை. சாமியார் கட்டை விரலால் சிலுவை போட்டார். அது நெற்றியிலிருந்து வழுக்கி, மூக்கைத் தாண்டி, சட்டையிலும் நிற்காமல் கோயில் தரையில் விழுந்தது. மறுபடி போட்டார், மறுபடி விழுந்தது. மண்ணிலிருந்து வந்தவன் மண்ணுக்கே போகவேண்டும் என்று நினைவூட்டத்தான் அந்தச் சாம்பல். அது இந்த ஆளை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பின்னால் நூறு பேர் நின்றதால் மூன்றாம் முறை யாரும் முயற்சி செய்யவில்லை.

காரணம் தேவசகாயத்துக்குத் தெரியும். பிளாஸ்டிக்குக்குத் தடை வந்த 2019இல் அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். வல்லம் பக்கத்து மில்களில் மல்லாட்டை உடைத்தபின் மலைமலையாகக் குவியும் தோலை மூட்டை கட்டி எடுத்துவந்து அரைத்தார். ஓட்டல்களில் சாக்கடைக்குப் போகும் வடிகஞ்சியைக் குடம் குடமாக வாங்கி, அதில் பிசைந்து, சூட்டு அச்சில் அழுத்தித் தட்டாக்கினார். வேர்க்கடலை வாசம் வீசும் பழுப்புத் தட்டு. "சாப்ட்டுட்டுத் தூக்கிப் போடுங்க, மாடு கூட தின்னும்" என்று எல்லோரிடமும் சொன்னார். சொன்னது அன்றைக்கு நூற்றுக்கு நூறு உண்மை. ஒருமுறை சந்தையில் நின்று தானே ஒரு தட்டைக் கடித்துத் தின்று காட்டினார்.

கொரோனா முடிந்து கல்யாணங்கள் திரும்பிய வருஷம், அனந்தபுரத்தில் ஒரு பந்தியில் அந்தத் தட்டு ரசத்தைத் தாங்கவில்லை. மாப்பிள்ளையின் மாமா மடியில் கொதிக்கிற ரசம் இறங்கியது. பட்டு வேட்டியோடு அவர் குதித்த குதி பலருடைய போனில் இருந்தது, ஒரே வாரத்தில் ஆர்டர்கள் நின்றன. தேவசகாயம் யாருக்கும் சொல்லாமல் கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுருளாக வாங்கிவந்து, தட்டின் உள்பக்கம் ஒட்ட ஆரம்பித்தார். மனைவி ஜோசப்பின் கேட்டதற்குத் தேன்மெழுகு என்றார். ரசம் நின்றது, ஆர்டர் வந்தது. மாடு கூட தின்னும் என்ற பேச்சை மட்டும் அவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்களே.

அதை நம்பியவர்களில் ஒருவர் அதே தெருவிலிருந்த வள்ளியம்மாள். பிள்ளை குட்டி இல்லாதவர், ஒரு செவலைப் பசுவை வைத்துப் பிழைத்தவர். அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் அம்மன் கோயில் அன்னதானப் பந்தலில் எச்சில் எடுக்கப் போவார். அங்கே சாப்பிட்டுப் போட்ட தேவசகாயத்தின் தட்டுகளைக் கழுவி, சாக்கில் கட்டி, ஸ்பெஷல் பஸ்ஸில் கொண்டுவந்து பசுவுக்குப் போடுவார். பசு ஆசையாகத் தின்னும். ஐப்பசியில் அது வயிறு உப்பி, இரண்டு நாள் கத்தி, மூன்றாம் நாள் செத்தது. டாக்டர் அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் தலையணை அளவு பிளாஸ்டிக் இருந்தது. வட்ட வட்டமாக, ஓரத்தில் பழுப்புத் தூளோடு. கூடி நின்ற நாற்பது பேரில் அது எது என்று தெரிந்தவர் தேவசகாயம் ஒருவர்தான்.

வள்ளியம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். "பாவி நான்தான் பஸ் ஸ்டாண்டு குப்பையில மேய வுட்டேன். ரெண்டே நாளு வுட்டேன், நானே கொன்னுட்டேன்."

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ஆமாக்கா, கண்ட எடத்துல வுட்டா இப்டித்தான் ஆவும்" என்றார் தேவசகாயம். அன்று சாயந்தரமே பிளாஸ்டிக் சுருளைத் தூக்கி எறிந்து, புளியங்கொட்டைப் பசை காய்ச்சித் தட்டில் தடவினார். அது ரசத்தை நன்றாகவே தாங்கியது. கொஞ்சம் யோசித்திருந்தால் முதலிலேயே தோன்றியிருக்கும். பிறகு செய்ததெல்லாம் யோக்கியமான தட்டு. பாராட்டுப் பத்திரம்கூட வந்தது, அதைச் சுவரில் மாட்ட அவருக்குக் கை வரவில்லை.

வள்ளியம்மாள் அடுத்த அமாவாசையிலிருந்து மேல்மலையனூருக்கு பஸ் ஏறவில்லை. பசுவைக் கொன்ற பாவம் தீர இருபது கிலோமீட்டருக்கு மேல் செருப்பில்லாமல் நடந்தார், மாதாமாதம். அவர் தெருவைத் தாண்டுவதை தேவசகாயம் ஜன்னல் வழியாகப் பார்ப்பார். பார்க்கக்கூடாது என்று எழுந்து போவார், திரும்பி வந்து பார்ப்பார்.

சாம்பலுக்குப் பிறகு மற்றவையும் விலகின. தீர்த்தம் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு ஓடியது. சோப்பு நுரைக்கவில்லை. நடவு வயலில் முழங்கால் வரை இறங்கி ஏறினால் கால் கழுவிய மாதிரி இருந்தது. மழையில் நின்றால் அவரும் நனையவில்லை, உடுத்திய சட்டை வேட்டியும் நனையவில்லை. செஞ்சிக்காரர்கள் நாலு நாள் வேடிக்கை பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். ஜோசப்பின் மட்டும், "உள்ள என்னமோ வச்சிருக்கறீங்க" என்று ஒருநாள் சொன்னாள். அவர் அழுதார். அந்தக் கண்ணீரும் கன்னத்தில் நிற்காமல் உருண்டு விழுந்தது. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனமும் செய்தார். சாமியார் மன்னிப்பு வழங்கிவிட்டு, "சொல்ல வேண்டிய ஆளு நான் இல்லப்பா" என்றார். அந்த ஆளின் வீடு பத்து வீடு தள்ளி இருந்தது. அங்கே போய்ச்சேர அவருக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

செஞ்சிக் கோட்டைக்கு உலகப் பாரம்பரியப் பட்டம் கிடைத்த 2025இல், கார்த்திகை அமாவாசைக் காலையில் மழை கொட்டியது. வள்ளியம்மாள் தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். குதிகால் வெடித்து, நொண்டி நொண்டித்தான் நடந்தார். தேவசகாயம் குடையோடு ஓடி, ஊர் எல்லையில் அவரைப் பிடித்தார்.

"நீதான் நனைய மாட்டியே, ஒனக்கு இன்னாத்துக்குப்பா கொட?"

"ஒனக்குத்தான்க்கா. நீ நடக்க வேணாம். பசு குப்பைய தின்னு சாவல. என் தட்டுல பிளாஸ்டிக் ஒட்டியிருந்தேன். அதத் தின்னுதான் செத்துச்சு. அன்னிக்கே எனக்குத் தெரியும்."

வள்ளியம்மாள் மைல்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். அடிப்பார் என்று தேவசகாயம் எதிர்பார்த்தார், அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

"அப்ப நான் கொல்லலியா?" என்று கேட்டார் வள்ளியம்மாள். "இல்லக்கா." மறுபடி கேட்டார். "நான் கொல்லலியா?" தேவசகாயம் இல்லை என்று தலையாட்டினார். மூன்றாம் முறை கேட்டது அவரிடம் இல்லை, மழையிடம். பிறகு குடையைப் பிடுங்கிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், வந்த வழியே வீட்டுக்குத் திரும்பி நடந்தார்.

மத்தியானத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. கொஞ்ச நாள் ஏசினார்கள், சிலர் தட்டு வாங்குவதை விட்டார்கள், சிலர் திரும்ப வந்தார்கள். சொன்னதால் தேவசகாயம் நனைந்துவிடவில்லை. இன்றும் அவர்மேல் ஒரு சொட்டு நிற்பதில்லை. மழை நாளில் தாலுகா ஆபீசுக்குப் பட்டா, பத்திரம் கொண்டுபோக வேண்டியவர்கள் அவர் சட்டைக்குள் வைத்து அனுப்புகிறார்கள், அது பத்திரமாகப் போய்ச் சேர்கிறது. வள்ளியம்மாள் மட்டும் எதையும் கொடுத்தனுப்புவதில்லை, அவரோடு பேசுவதும் இல்லை. ஆனால் அமாவாசையன்று வள்ளியம்மாள் வீட்டுக் கதவு வெயில் ஏறும்வரை சாத்தியே கிடக்கிறது. நன்றாகத் தூங்குகிறார் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். அந்த வாசலைத் தாண்டும்போது தேவசகாயம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் நடக்கிறார்.