பலகையில் உருளும் குண்டு

ஜோயாவுக்கு இருபத்து மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தாள், இரண்டு காதும் போய்விட்டன. இப்போது முப்பத்தொன்று. தேரடித் தெருவில் ஒரு பேனர் கடையில் டிசைன் செய்கிறாள். எதிரில் நிற்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவள் ஐந்து ஸ்பீக்கர்களோடு வீட்டுக்கு வந்ததும் தம்பி தல்ஹா சிரித்துவிட்டான்.

"யாருக்குக்கா இதெல்லாம்?"

"எனக்குத்தான். சிரிச்சு முடிச்சிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடு."

மாடி வீட்டுக் கூடத்தில் அவள் கட்டிய பின்பால் பெட்டி நின்றது. தல்ஹா அறுத்துக் கொடுத்த பிளைவுட்டுக்குள் பழைய டிவியைப் படுக்க வைத்துக் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தாள். நிஜப் பின்பாலில் இரும்புக் குண்டு சரிவில் உருண்டு வரும். பக்கத்துப் பட்டன்களை அழுத்தி, கீழே இருக்கும் இரண்டு துடுப்புகளால் அதைத் தட்டி மேலே அனுப்ப வேண்டும். இங்கே குண்டு வெறும் படம். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளுக்கு அது போதவில்லை.

அவள் வாங்கி வந்தவை மரத்தில் ஒட்டினால் மரத்தையே அதிர வைக்கும் ஸ்பீக்கர்கள். நான்கைப் பெட்டியின் உட்புறம் நான்கு மூலையிலும் ஒட்டினாள். கனமான ஐந்தாவதை அடிப்பலகையில் முடுக்கினாள். குண்டு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் மட்டும் அதிர வேண்டும்.

ஆட்டத்தைத் தொடங்கினார்கள். குண்டு மேலே வலது மூலையில் மோதியது. இடது பலகை அதிர்ந்தது.

"தப்பா வருது," என்றாள்.

"நல்லாத்தானே கேக்குது."

"உன் காதை யார் கேட்டாங்க? கையை வை."

வைத்தான். இரண்டு முறை குண்டு மோதும்வரை பொறுத்துப் பார்த்தான். "ஆமாக்கா. மாத்தி வருது."

பின்னால் இருந்த இரண்டு ஒயர்களும் இடம் மாறியிருந்தன. மாற்றி மாட்டினாள். மறுபடி ஆடத் தொடங்கிக் கால் மணி நேரம் ஆகியிருக்காது, கீழ் வீட்டிலிருந்து ரேணுகாம்பாள் மூச்சு வாங்க ஏறி வந்தாள். வீட்டுச் சொந்தக்காரி.

"என் சமையல்கட்டுல பாத்திரமெல்லாம் ஆடுது. காது கேக்காத பொண்ணுக்கு ஸ்பீக்கர் எதுக்கும்மா? நாளைக்கே இந்தப் பொட்டியைத் தூக்கிடு. இல்லன்னா வூட்டைக் காலி பண்ணிக்கோ."

தல்ஹா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். ஜோயா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பாத்திரம் ஆடுதுன்னா அது என் தப்பு. சரி பண்றேன். பொட்டியைத் தூக்க மாட்டேன்."

தம்பியை ஆடச் சொல்லிவிட்டு, ரேணுகாம்பாளோடு கீழே இறங்கி, சமையல்கட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சுவர் குறுகுறுத்தது. "நீங்க சொன்னது சரிதான்," என்று சொல்லி மேலே வந்தாள். ஐந்தாவது ஸ்பீக்கரைக் கழற்றினாள். ஆசையாக வாங்கியது, கழற்றும்போது மனசு வலித்தது. பழைய ஸ்கூட்டர் டயரை வெட்டிப் பெட்டியின் கால்களுக்கு அடியில் செருகினாள். தம்பியை மறுபடி ஆட விட்டு, இறங்கிப் போய்ச் சுவரைத் தொட்டாள். ஒன்றுமில்லை.

"இப்போ கேக்குதாங்க?"

ரேணுகாம்பாள் கூரையைப் பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். "கேக்கலை," என்றாள் ஒருவழியாக. ஆனால் அத்தோடு விடவில்லை. "இருந்தாலும் உனக்கெதுக்கும்மா இதெல்லாம்? பேசாம ஒரு ஓரமா இருந்துட்டுப் போலாமில்ல?"

"எட்டு வருஷமா எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. நான் ஓரமா இருக்க மாட்டேங்க."

ரேணுகாம்பாளின் உதடு எதற்கோ திறந்தது. அது என்ன வார்த்தை என்று பார்க்க ஜோயா நிற்கவில்லை.

மேலே தல்ஹா சுவாரஸ்யமாக ஆடிக்கொண்டிருந்தான். "நகரு," என்று அவனைத் தள்ளிவிட்டு, பெட்டியின் இரு பக்கமும் கைகளைப் பதித்து நின்றாள். குண்டு வலப்பக்கம் மேலேயிருந்து கிளம்பி, பலகை வழியாக அவள் உள்ளங்கையை நோக்கி உருண்டு வந்தது. கண்களை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினாள். பலகை அதிர்ந்தது. குண்டு மேலே போய்விட்டது.